வேண்டாம் என்று அடித்தவை

ஜூலை 27, ஞாயிறு

ஆபீஸில் மிச்சமாகிக் கிடந்த நோட்டு இது. இன்றிலிருந்து வண்டி நோட்டு. பதினாறு வருடமாக அடுத்தவர் வயலைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். நெல் பூத்துவிட்டதா, வேறு ரகம் கலந்திருக்கிறதா, இதை விதைக்கு விடலாமா கூடாதா. விதைச் சான்று அலுவலர் வேலை என்றால் அவ்வளவுதான். என்னைப் பற்றியும் நாலு பக்கம் எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை.

காலையில் அம்மா, தம்பி நவநீதன், நான் மூவரும் கோபியிலிருந்து ஈரோடு போய் வண்டி பார்த்தோம். ஷோரூமில் அபிநயா என்று ஒரு பெண் எங்களைப் பிடித்துக்கொண்டாள். கையில் ஒரு நீளமான தாள். கம்பெனியிலேயே பொருத்தி வருவது ஒரு பக்கம், இங்கே கடையில் மாட்டித் தருவது இன்னொரு பக்கம். வேண்டியதற்கு டிக், வேண்டாததற்குக் கோடு.

நான் பேனாவைத் திறந்ததும் அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. அலாய் சக்கரம், கோடு. உள்ளே நீலமாக எரியும் விளக்கு, கோடு. வண்டியிடம் வாயால் சொன்னால் ஏசி போடுமாம், கோடு. வீட்டில் வாயால் சொல்லியே யாரும் ஃபேன் போடுவதில்லை, வண்டியா போடப் போகிறது? கடையில் மாட்டுகிற பட்டியலில் சீட் கவர், மேட், பளபளப்புப் பூச்சு என்று பத்து உருப்படி. மொத்தமாக மேலிருந்து கீழே ஒரே கோடு.

சன்ரூஃபுக்குக் கோடு போட்டபோது நவநீதன் "அக்கா, அது மட்டும்…" என்றான்.

"நம்பியூர் வயக்காட்டு வெயிலுக்கு வண்டி மண்டையில ஓட்டை எதுக்குடா?"

"ஓட்டை இல்லக்கா. ஒரு லுக்கு."

அபிநயா சிரித்துக்கொண்டே, "ஆட்டோ கியரும் சன்ரூஃபும் ஏறக்குறைய ஒரே வெலைதான் மேடம். அதை எடுத்துட்டா இதை வெச்சுக்கலாம்" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாள். நான் சேலையைக் கணுக்கால் தெரிகிற அளவுக்குத் தூக்கிக் காட்டினேன். இரண்டு வருடம் முன்னால் பவானி ரோட்டில் ஸ்கூட்டரோடு விழுந்து இடது கணுக்காலில் தகடும் ஆறு திருகும் வைத்திருக்கிறார்கள். நடக்கலாம். கிளட்சை மிதிக்க முடியாது. கிளட்ச் இல்லாத ஆட்டோ கியர் வண்டி என்றால் வலது கால் மட்டும் போதும். "இதுதான் வண்டியே. மத்ததெல்லாம் தகரம்" என்றேன். அந்தப் பெண் பாவம், மன்னிப்புக் கேட்டது.

டிக் வாங்கியவை நான்கே. ஆட்டோ கியர். உயரம் கூட்டிக் குறைக்கிற டிரைவர் சீட்டு. பின்பக்க ஏசி. பின் கதவுக்கு மேலே பெரிய கைப்பிடி. கடைசி இரண்டும் அம்மாவுக்காக. பஸ்ஸில் போனாலே அம்மாவுக்கு மூச்சு முட்டும். முட்டி வலிக்கு எதையாவது பிடித்துத்தான் ஏற முடியும். கைப்பிடியைக் காட்டியதும் இரண்டு தடவை பிடித்துப் பிடித்துப் பார்த்தது. "நல்லாத்தான் இருக்குது கண்ணு" என்றது.

ஜூலை 29

உதவி இயக்குநர் சார் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனுஷன், சுற்றி வளைக்கவில்லை. "சாரதாமணி, போன போகத்துல நாலு வயலுக்குப் பூப்பு முடிஞ்சப்பறம்தான் போயிருக்கீங்க. விவசாயி பைக்குல தொத்திக்கிட்டு எத்தனை நாளைக்கு? உள்வேலைக்கு மாத்திக்கிறீங்களா?"

சம்பா பூப்பதற்குள் சொந்த வண்டி வந்துவிடும் என்றேன். சரி, அதுவரை பார்ப்போம் என்றார்.

உள்வேலை என்றால் மேசையில் உட்கார்ந்து அடுத்தவர் எழுதிய ஆய்வறிக்கைக்கு முத்திரை குத்துவது. எனக்கு வயல் வேண்டும். ஒரு ஏக்கர் பச்சைக்குள் ஒரு பயிர் மட்டும் இரண்டு விரல் உயரமாக நின்றால் வரப்பிலிருந்தே என் கண்ணுக்குத் தெரியும். கலவன் என்போம் அதை. அதைப் பிடுங்கி எறிகிற சுகம் முத்திரையில் கிடையாது.

ஆகஸ்ட் 1

அம்மா ஜோசியரிடம் போய்விட்டு வந்தது. எனக்கு அஷ்டமச் சனியாம். என் பேரில் வண்டி எடுத்தால் மறுபடி அடிபடுமாம். தம்பி ராசிக்கு வாகன யோகம் கொட்டுகிறதாம். "அவன் பேர்ல எழுதீரலாம் சாமி. பேருதான. வண்டி உன்னுதுதான்" என்றது அம்மா.

இதே ஜோசியர்தான் எனக்குப் பதினோரு ஜாதகத்தைப் பொருந்தாது என்று திருப்பி அனுப்பினார். அப்பா போன பிறகு பன்னிரண்டாவதை யாரும் கொண்டுவரவில்லை. முப்பத்தெட்டு வயதில் வண்டியும் என் ஜாதகத்துக்குப் பொருந்தவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

முடியாது என்று சொல்லியிருப்பேன். ஆனால் அம்மா, ஆஸ்பத்திரியில் நான் கிடந்த பதினெட்டு நாளும் கட்டிலுக்கடியில் பாய் போட்டுப் படுத்திருந்த அம்மா. அதற்குப் பயம் இருக்கத்தானே செய்யும். பேர்தானே, போகட்டும் என்று விட்டேன்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

ஆடியில் எதுவும் வாங்கக்கூடாது, பதினெட்டாம் பெருக்கு மட்டும் விதிவிலக்கு. ஷோரூமில் நாற்காலி கிடைக்கவில்லை, அவ்வளவு கூட்டம். என் சேமிப்பிலிருந்து முழுப்பணமும் கட்டினேன். நவநீதன் பேரில் எழுதினார்கள். அவன் போன் நம்பர் முதலாவது. இரண்டாவது நம்பர் கேட்டபோது நானேதான், "அம்மா நம்பரைப் போடுங்க. நான் வயல்ல இருந்தா டவர் கெடைக்காது" என்றேன்.

நான் அடித்த கோடுகளும் போட்ட டிக்குகளும் உள்ள தாளை அபிநயா படித்துக் காட்டினாள். நிறம் வெள்ளை. சரி என்றேன். நவநீதன் கையெழுத்துப் போட்டான். விஜயதசமிக்கு வண்டி கிடைக்கும்.

வெளியே வந்து மூவரும் கரும்புச் சாறு குடித்தோம். அம்மா இரண்டு டம்ளர்.

ஆகஸ்ட் 11

ஓட்டினேன்!

ஈரோட்டில் ஆட்டோ கியர் வண்டி வைத்துச் சொல்லிக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூல் ஒன்றே ஒன்று இருக்கிறது. மாஸ்டர் பெயர் ஜமால் முகமது. "இடது காலை மறந்துருங்க மேடம். அது இன்னைக்கு லீவு" என்றார். இரண்டு வருடமாக எந்நேரமும் நினைத்துக்கொண்டே இருக்கிற காலை ஒருத்தர் மறக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை. பெருந்துறை ரோட்டில் நாற்பதில் போனேன். ஒரு டிராக்டரை முந்தினேன். டிராக்டர்காரர் திட்டினார். வாழ்க அவர்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "மூணாவது மிதி இல்லாம வண்டி எப்பிடி நிக்கும்?" என்று கேட்டது. விளக்கினேன். தலையை ஆட்டியது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நவநீதனுக்குப் பெண் பார்க்கப் பெருந்துறை போனோம். பெண் மோனிஷா. பனியன் கம்பெனி வைத்திருக்கிற குடும்பம். வீட்டு வாசலில் இரண்டு கார், ஒன்று என் ஆபீஸ் அறை அளவு. நவநீதன் ஒரு மில்லில் சூப்பர்வைசர். இவ்வளவு பெரிய இடம் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று எனக்கு யோசனைதான். ஆனாலும் பெண்ணுக்கு அவனைப் பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது. நல்ல சிரிப்பு அவளுக்கு.

பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளை வண்டி புக் பண்ணியிருக்காராமே" என்றார். அம்மா சட்டென்று முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தியது. புக்கிங் அவன் பேரில்தானே இருக்கிறது, கல்யாணத் தரகர் தாளைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பார். நான் விளக்கப் போகவில்லை. பெண் பார்க்கிற இடத்தில் மாப்பிள்ளையின் அக்கா வாயைத் திறந்து நல்ல பேர் எடுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

ஆகஸ்ட் 29

பஸ், அப்புறம் ஒன்றரை கிலோமீட்டர் நடை, அப்புறம் வரப்பு. கணுக்கால் பூசணிக்காய் ஆகிவிட்டது. இன்னும் முப்பத்து நாலு நாள்.

செப்டம்பர் 4

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தால், அம்மா கேட்காமலே அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வைத்திருக்கிறது. நெய் தனியாக. என் பிறந்தநாளுக்குக்கூட இப்படிக் கவனித்ததில்லை. சாப்பிட்டதும், "காலை நீட்டு" என்றது. நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து கணுக்காலுக்குத் தேய்த்துவிட்டது. திருகு இருக்கிற இடத்தில் மட்டும் விரல் மெதுவாகப் போகும், அம்மாவுக்கு அந்த இடம் தெரியும். என்னவோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நான் அப்படியே தூங்கிப்போனேன்.

எழுந்து பார்த்தால் கால் அம்மா மடியிலேயே இருக்கிறது.

செப்டம்பர் 14

நவநீதனுக்கு நிச்சயம் முடிந்தது. கார்த்திகையில் கல்யாணம். மண்டபத்தில் மோனிஷா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணி, சன்ரூஃப்ல நின்னு போட்டோ எடுக்கலாங்களா, இல்ல போலீஸ் புடிப்பாங்களா?" என்று கேட்டாள்.

எந்த வண்டி என்று கேட்டேன். அவள் நவநீதனைப் பார்த்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சந்தனக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டு எழுந்து போனது. "அவங்கப்பா வண்டியைச் சொல்றாக்கா" என்றான் நவநீதன்.

அவள் அப்பாவின் வண்டியில் சன்ரூஃப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. நான் மேலே பார்க்காமல் இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 20

லைசென்ஸ் டெஸ்ட் பாஸ். எட்டுப் போட்டேன், பின்னால் எடுத்தேன், மேட்டில் நிறுத்தி எடுத்தேன். ஜமால் மாஸ்டருக்கு ஒரு கிலோ ஜாங்கிரி.

செப்டம்பர் 28

நவநீதன் சொல்கிறான், வண்டி எடுக்க நீ வரவேண்டாம்கா, காலை வைத்துக்கொண்டு எதற்கு அலைச்சல், நானே எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று. தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது. கல்யாணம் நிச்சயமானால் வரும் போல.

வாசலில் கல்லைப் பெயர்த்து வண்டி ஏற மேடு கட்டச் சொன்னேன். கொத்தனார் வந்து முடித்துவிட்டார். வியாழக்கிழமைக்குள் காய்ந்துவிடும்.

அக்டோபர் 2, விஜயதசமி

பதினோரு மணிக்கு ஹாரன் கேட்டது. ஓடினேன், என்னால் ஓட முடிகிற அளவுக்கு.

சிவப்பு வண்டி. மாலை போட்டிருந்தது. மேலே கறுப்பாகக் கண்ணாடி. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். அம்மா சூடம் சுற்றியது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது. நான் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, சீட்டில் உட்காராமல், குனிந்து கீழே பார்த்தேன்.

மூன்று மிதி இருந்தது.

ஒருவேளை பார்வைக் கோளாறு என்று கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர். மூன்று.

"ஷோரூம்காரங்க மாத்தி அனுப்பிட்டாங்கக்கா" என்றான் நவநீதன். "நானும் அங்கேயே சத்தம் போட்டேன். நம்பர் வந்திருச்சு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. நல்ல நாளும் அதுவுமா எப்பிடி விட்டுட்டு வர்றது? பேசிக்கலாம்க்கா. கல்யாணம் முடியட்டும்."

எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். அம்மா, "நீ பின்னாடி உக்காரு கண்ணு, கோயிலுக்குப் போயிட்டு வரலாம்" என்றது. உட்கார்ந்தேன். பின்பக்க ஏசி நன்றாக வந்தது. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தது. தலைக்கு மேலே வானம் போய்க்கொண்டிருந்தது.

அக்டோபர் 3

எழுதப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 5

ஷோரூம் மீது நுகர்வோர் கோர்ட்டில் போட ஒரு புகார் எழுதினேன், மூன்று பக்கம். அரசாங்கத் தமிழில் எழுதினால் எனக்குக் கோபம் நன்றாக வரும். 'மேற்படி நிறுவனம் வேண்டுமென்றே' என்று ஆரம்பித்தேன். நவநீதனிடம் படித்துக் காட்டினேன். "எதுக்குக்கா இதெல்லாம்" என்றான். ஒரு ஏமாளியைத் தம்பியாகப் பெற்றிருக்கிறேன், எவன் ஏமாற்றினாலும் சரிங்க சார் என்று வந்துவிடுவான் என்று திட்டினேன். தலையைக் குனிந்துகொண்டான்.

நாளை நானே போகிறேன்.

அக்டோபர் 6

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஷோரூமில் போய்ச் சத்தம் போட்டேன். இவ்வளவு சத்தம் என் தொண்டையில் இருந்தது எனக்கே தெரியாது. வண்டி பார்க்க வந்த ஒரு குடும்பம் எழுந்து வெளியே போய்விட்டது. அபிநயா வெளுத்துப்போய், "மேடம், நாங்க மாத்தலீங்க. உங்க வீட்லதான் மாத்தச் சொன்னீங்க" என்றாள். பொய் என்றேன். மாற்றம் கேட்ட தாளை எடுத்து வைத்தாள். ஆட்டோ கியருக்குக் கோடு. சன்ரூஃபுக்கு டிக். உயரம் மாற்றுகிற சீட்டுக்குக் கோடு. வெள்ளை என்பதை அடித்துவிட்டு, சிவப்பு. கீழே நவநீதன் கையெழுத்து. செப்டம்பர் 3.

அவனை யாரோ ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றேன். இதைச் சொன்னது நான்தான். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

மேனேஜர் வந்தார். மாற்றம் கேட்டால் இரண்டாவது நம்பருக்கும் பேசி உறுதி செய்துகொள்வார்களாம், அது பதிவாகுமாம். கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். கேட்டிருக்க வேண்டாம். கேட்டேன்.

அபிநயா குரல்: "பாவாயம்மாங்களா? நவநீதன் சார் ஆட்டோ கியர் வேண்டாம், சாதா கியர் போதும்னு எழுதிக் குடுத்திருக்காருங். பணம் அக்கா கணக்குல இருந்து வந்திருக்குது. அவங்களை ஒரு வார்த்தை கேட்டரலாங்களா?"

அம்மா குரல்: "அவளைக் கேக்க வேண்டாங்க். அவளுக்குக் கால் செரியில்லீங்க. அவ எங்கீங்க ஓட்டப் போறா. பையந்தான் ஓட்டுவான். மாத்தீருங்க."

"அவங்ககிட்டச் சொல்லீட்டீங்களாமா?"

"நாஞ் சொல்லிக்கறனுங்க. இப்பச் சொன்னா அழுவா. வண்டி வந்தப்பறம் பாத்துக்கலாம்."

"செரிங்மா."

வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை. அம்மா மறுபடி: "ஏம் பாப்பா, பின்னாடி காத்து வருமே, அது இருக்குமல்ல? அந்தக் கைப்பிடி?"

"அது ரெண்டும் இருக்குங்மா. அதை மாத்தச் சொல்லலீங்."

"ஆமா. அது இருக்கட்டும்."

மேனேஜர் தண்ணீர் கொடுத்தார். ஆட்டோ கியரை இங்கே மாட்ட முடியுமா என்று கேட்டேன். கம்பெனியிலேயே வர வேண்டியது மேடம், இங்கே மாட்டுகிற சாமான் இல்லை என்றார். எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டேன். புகார் மூன்று பக்கத்தையும் கிழித்து அவர் மேசைக்கடியில் இருந்த கூடையில் போட்டுவிட்டு, அபிநயாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் தேதி உறைத்தது. அந்தப் போன் பேசிய நாள் செப்டம்பர் 4, பிற்பகல் 3.10. வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். அரிசிம்பருப்புச் சோறு. நெய் தனியாக. நல்லெண்ணெய். 'என் பிறந்தநாளுக்குக்கூட இப்படிக் கவனித்ததில்லை' என்று என் கையெழுத்தில், நல்ல மணி மணியாக.

மோனிஷாவின் சன்ரூஃப் கேள்வியும் இதே நோட்டில்தான் இருக்கிறது. முறுக்குத் தட்டு இருக்கிறது. சந்தனக் கிண்ணம் இருக்கிறது. ஒரு ஏக்கரில் ஒரே ஒரு கலவனை வரப்பிலிருந்து கண்டுபிடிக்கிறவள் நான். இரண்டு மாதமாக என் சோற்றுத் தட்டுக்கு எதிரில் இருந்ததை எழுதியும் வைத்துக்கொண்டு, பார்க்காமல் இருந்திருக்கிறேன். பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

அக்டோபர் 7

நவநீதன் அழுதுவிட்டான். பெண் வீட்டில் மாப்பிள்ளைக்குச் சொந்தக் கார் என்று தரகர் சொல்லிவிட்டாராம். அப்புறம் எப்படி இல்லை என்பது? மோனிஷாவை இழக்க முடியாதாம். "உனக்கு வேற ஒண்ணு வாங்கித் தர்றேங்க்கா, சத்தியமா." அவன் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அவன் மேல் இருக்கிற கோபத்தை என்னால் தூக்கிக்கொண்டு நடக்க முடியும்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. எதிரில் உட்கார்ந்தேன். போனில் பேசியதைக் கேட்டேன் என்று சொன்னேன். கை நிற்கவில்லை.

"நான் என்ன அடுத்தவனுக்கா தூக்கிக் குடுத்தேன்? தம்பிக்குத்தான? உனக்குன்னு யாரு இருக்கா கண்ணு? நாளைக்கு அவந்தான உன்னப் பாக்கோணும். அவனுக்கு ஒரு நல்ல எடம் அமைஞ்சா உனக்கும் நல்லதுதான."

"எனக்கு வேலை இருக்குதும்மா. அந்த வேலைக்குத்தான் வண்டி."

"வேலை எங்க போகுது? மேசையில உக்காந்து பாரு. அடிபடாம இருப்ப."

"அப்ப ஜோசியர்?"

அம்மா கீரைக் கட்டை மறுபக்கம் திருப்பி வைத்தது. அவர் சொன்னாரா, அவர் சொன்னதாக அம்மாவே சொன்னதா என்று இன்னொரு தடவை கேட்கவில்லை. எனக்கு அதைவிட வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"அன்னைக்கு எண்ணெய் தேச்சுவிட்டயே. அது போன் பேசறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நேரம் எனக்கே தெரியும். அம்மா வாயால் கேட்க வேண்டும். கீரை ஆய்கிற கை அப்படியே நின்றது.

"பின்னாடிதான்" என்றது. "தேச்சுவிடறப்பச் சொல்லீரலாம்னுதான் உக்காந்தேன். நீ தூங்கீட்ட."

"எழுப்பியிருக்கலாமல்ல?"

"நல்லாத் தூங்கிட்டிருந்த சாமி. எப்பிடி எழுப்பறது?"

இதைச் சொல்லும்போது அம்மா கண்ணில் நீர் வந்தது. நிஜமான கண்ணீர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை ஏமாற்றியவள் வேறு ஒருத்தி, எண்ணெய் தேய்த்தவள் வேறு ஒருத்தி என்று இருந்திருந்தால் ஒருத்தியை வெறுத்துவிட்டு இன்னொருத்தியை வைத்துக்கொண்டிருப்பேன். ஒரே கைதான் இரண்டும்.

அக்டோபர் 10

சத்தியமங்கலத்தில் ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பார்த்துவிட்டேன். துணி, குக்கர், இந்த நோட்டு. நவநீதன் சிவப்பு வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்றான். பஸ்ஸில் வந்தேன்.

அக்டோபர் 15

சார் கேட்டார், வண்டி வந்துவிட்டதா என்று. வந்தது சார், எனக்கு இல்லை என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை. இன்னும் ஒரு மாதம் தருகிறேன் என்றார். அதுவரை வாடகை ஆட்டோ வைத்துக்கொண்டு வயலுக்குப் போகிறேன். ஆட்டோக்காரர் பெரியசாமி வரப்பு வரைக்கும் வந்து, "இதென்னுங் மேடம், எல்லாம் ஒரே நெல்லுதான" என்கிறார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லத் தோன்றியது.

நவம்பர் 2

அம்மா போன் செய்தது. கல்யாணப் புடவை எடுக்கப் போகிறார்களாம், நீ வந்தால்தான் நன்றாக இருக்கும் என்றது. "வண்டியில பின்னாடி காத்து நல்லா வருது கண்ணு. உன் புண்ணியம்." கிண்டலாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னது.

கல்யாணத்துக்கு வருகிறேன் என்றேன். போவேன். பந்தியில் சாப்பிடுவேன். மோனிஷா நல்ல பெண், அவளுக்கு எதுவும் தெரியாது.

நவம்பர் 9, ஞாயிறு

ஈரோடு. வேறு கம்பெனி, வேறு கடை. இந்தத் தடவை பேங்க் லோன். முன்னதைவிடச் சின்ன வண்டி. இங்கேயும் நீளமான தாள். எழுதிக்கொண்டவர் கண்ணாடி போட்ட நடுவயசுக்காரர்.

"யார் பேர்லீங் மேடம்?"

"என் பேர்ல."

"நாள், நட்சத்திரம் எல்லாம் பாத்தாச்சுங்களா?"

"பாத்தாச்சு. இன்னைக்குத்தான்."

"ரெண்டாவது போன் நம்பர்?"

"இல்லீங்க. ஒண்ணுதான்."

"டவர் கெடைக்கலீன்னா?"

"கெடைக்கற வரைக்கும் கூப்புடுங்க."

முதல் டிக் ஆட்டோ கியருக்கு. இரண்டாவது சீட்டு உயரத்துக்கு. அப்புறம் கோடு, கோடு, கோடு. கை பழகிவிட்டது. சன்ரூஃபுக்குக் கோடு போடும்போது கொஞ்சம் அழுத்திவிட்டேன், தாள் கிழிந்தது. வேறு தாள் கொடுத்தார்.

கடைசிக்கு முந்தின வரி பின்பக்க ஏசி. கடைசி வரி பின் கதவுக் கைப்பிடி. பேனா அங்கே நின்றுவிட்டது. அவர் பொறுமையாகக் காத்திருந்தார். "பின்னாடி பெரியவங்க யாராச்சும் வருவாங்களா மேடம்? அப்பிடீன்னா போட்டுக்கலாம். அப்பறமா மாட்ட முடியாது, கம்பெனியிலேயே வர்றது."

அம்மாவுக்கு மூச்சு முட்டும். முட்டி மடங்காது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா?

"யாரும் வரமாட்டாங்க" என்றேன். இரண்டு வரிக்கும் சேர்த்து ஒரே கோடு போட்டேன்.

என் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, சத்தி பஸ் இரண்டைப் போகவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஷோரூம் ஆறு மணிவரை திறந்திருக்கும், எழுந்தால் பத்து நிமிட நடை, அந்தக் கோட்டை மாற்றிவிடலாம். மணி நாலரை. ஐந்தே முக்கால் பஸ்ஸில் ஏறினேன். அதுவரை அந்த பெஞ்சிலேயேதான் இருந்தேன், திரும்பிப் போகவில்லை.